மூன்று கதவு அலமாரியும் ஒரு பாராட்டும்

சபாபதி தம் வாழ்நாளில் ஒரு நிறுவனத்தின் ஊழியரைத் தொலைபேசியில் பாராட்டியது ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு அவர் யாரையும் பாராட்டுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எஸ்பிஎம் தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிவிட்டு லட்டுத் தட்டுடன் வாசலில் வந்து நின்றபோதுகூட, "ம்" என்று மட்டும் சொன்னார். லட்டைச் சாப்பிட்டார். அதைப் பற்றியும் கருத்துச் சொல்லவில்லை.

இத்தனைக்கும் அவர் முசுடு இல்லை. சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டு வர, முன்னால் அமைதியாகப் பாதையைப் பார்த்து ஓட்டியவருக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அந்தப் பொறுமை மொத்தத்தையும் ஓர் அலமாரி சாப்பிட்டுவிட்டது.

பழைய அலமாரியைக் கரையான் சாப்பிட்டிருந்தது. அது மனைவி தனலெட்சுமியின் கல்யாணப் புடவை வரை முன்னேறிய பிறகு புதியது வாங்குவதென்று முடிவானது. மூவாரில் செய்தது, மூன்று கதவு, நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி. 'ரூமாரியா குழுமம்' என்ற பெரிய நிறுவனத்தின் குளுவாங் கடையில் வாங்கினார்கள். ரசீதில் அலமாரி விலைக்குக் கீழே டெலிவரி கட்டணம் என்று ஒன்று இருந்தது. அதற்கும் கீழே மாடிக் கட்டணம் என்று இன்னொன்று இருந்தது. சபாபதியின் வீடு நான்காவது மாடி. லிப்ட் இல்லை. மாடி ஏறுபவர்களுக்குத்தான் அந்தப் பணம் போகும் என்று நினைத்து அவர் முனகாமல் கட்டினார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் லாரி வந்தது. இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் திருச்செல்வம், காஹாங்கில் ஓர் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் குடியிருப்பவர். கூட வந்தவர் பைரோஸ். அலமாரி கழற்றிப் பூட்டும் வகை இல்லை. முழுசாகத்தான் வர வேண்டும். படிக்கட்டு வளைவுகளில் அதைச் சாய்த்து, நிமிர்த்தி, தோளில் வாங்கி, மூன்றாவது மாடி வரை கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது மேலேயிருந்து தனலெட்சுமியின் குரல் வந்தது.

"தம்பி, அங்கேயே நில்லுங்கலா. ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு."

வேறு ஆட்களாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. திருச்செல்வம் அலமாரியைச் சுவரில் சாய்த்தார்.

"பரவால்ல அக்கா, எங்க வீட்லயும் இப்படித்தான். இதுதான் இன்னைக்குக் கடைசி வீடு."

"எனக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. உட்காரச் சொன்னா உட்காருவேன்" என்று பைரோஸ் படியில் காலை நீட்டினார்.

தனலெட்சுமி சிராப் தண்ணீரும் கறிபாப்பும் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே திருச்செல்வம் தம் கதையைச் சொன்னார். ஆறு வருஷமாக ஒப்பந்த வேலை. அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்தால்தான் பேங்கில் வீட்டுக் கடன் கிடைக்கும். தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகம் இரண்டு முறை கேட்டுவிட்டது. மூன்றாவது முறை கேட்காமலேயே கூரையைப் பிரித்துவிடும்.

"அந்தக் கடுதாசி மட்டும் வந்துரட்டும் அக்கா" என்றார். "பிள்ளைங்கள ஒரு நல்ல கூரைக்குக் கீழ வச்சிருவேன்."

உள்ளே கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் ஆலோசனை நடத்தினார்கள்.

"ஏதாச்சும் கொடுக்கணுமா?" என்றார் சபாபதி.

"கொடுக்காம?"

"டெலிவரிக்குக் கட்டியாச்சே. மாடிக்கும் கட்டியாச்சு."

"அது கம்பெனிக்கு. நம்ம வாசல்ல உட்கார்ந்திருக்கறது கம்பெனியா?"

"அப்ப பத்து வெள்ளி?"

"பத்து வெள்ளிக்கு ரெண்டு பேரு பாசார் மாலாம் சந்தையில ஆளுக்கு அரை வயிறு சாப்பிடலாம். நாலு மாடிங்க."

ராகு காலம் கழிந்தது. அலமாரி உள்ளே வந்தது. தனலெட்சுமி கதவுகளுக்குக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். சபாபதி கல்யாண வீட்டில் மொய் வைப்பதுபோல் ஓர் இருபது வெள்ளித் தாளை நான்காக மடித்துக் கைகுலுக்கும் சாக்கில் திருச்செல்வத்தின் கையில் வைத்தார். "இதெல்லாம் எதுக்குண்ணே" என்று சொல்லிக்கொண்டே திருச்செல்வம் அதைச் சட்டைப் பையில் போட்டார். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் வியாழக்கிழமை தொலைபேசி மணி அடித்தது.

"வணக்கம் சார். ரூமாரியா இன்டெக்ரிட்டி அண்ட் ஹேப்பினஸ் பிரிவுல இருந்து வாசுகி பேசறேன். எங்க சேவைக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எத்தனை மார்க் கொடுப்பீங்க?"

"அஞ்சுக்கு ஆறு போட்டுக்கம்மா" என்றார் சபாபதி உற்சாகமாக. "அந்தத் திருச்செல்வம் இருக்காரே, தங்கமான மனுஷன். ராகு காலம்னு சொன்னோம், ஒரு முகம் சுளிக்கல. படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தாங்க. மனசு கேக்கல, ஒரு இருபது வெள்ளி கையில வச்சேன்."

மறுமுனையில் தட்டச்சு ஒலி கேட்டது.

"எந்தக் கையில சார்?"

"வலது கையிலதான்மா. இடது கையில கொடுப்பாங்களா?"

"நன்றி சார். ஆறுங்கற ஆப்ஷன் இல்ல, அஞ்சு போட்டுட்டேன். உங்க மகிழ்ச்சி விசாரணைக்கு அனுப்பப்பட்டிருக்கு. இனிய நாளாக அமையட்டும்."

மறுநாள் திருச்செல்வமே அழைத்தார். குரலில் கோபம் இல்லை. குழப்பம் மட்டும்தான் இருந்தது.

"அண்ணே, அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"நல்லவிதமாத்தான்பா சொன்னேன். தங்கம்னு சொன்னேன்."

"அதான்ணே பிரச்சனை. திட்டியிருந்தீங்கன்னா ஒரு வார்னிங் லெட்டரோட போயிருக்கும். பாராட்டினதால சஸ்பென்ட் பண்ணிட்டாங்க. கன்ஃபர்மேஷன் லெட்டரையும் நிறுத்தி வச்சிட்டாங்க. நீங்க ஜேபி ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னா சரியாயிடும்ணே."

ஒரு வார்த்தைதானே என்று சபாபதி ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறினார்.

ரூமாரியாவின் தலைமையகம் குளிர்ச்சியாக இருந்தது. வரவேற்புக் கூடத்தில், அலமாரி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு சிரிக்கும் தொழிலாளியின் படம் சுவர் அளவுக்கு மாட்டப்பட்டிருந்தது. கீழே மூன்று மொழிகளில் ஒரே வாசகம்: 'உங்கள் புன்னகையே எங்கள் கூலி.' இதை முதல்முறை படிப்பவர்கள் விளம்பரம் என்று நினைப்பார்கள். அது சம்பளக் கொள்கை.

இன்டெக்ரிட்டி பிரிவின் தலைவர் ஹேமநாதன் எழுந்து நின்று கைகூப்பினார். நல்ல மனிதராகத் தெரிந்தார். அவர் மேசையில் சிவப்பு ரிப்பன் கட்டிய பழக்கூடை ஒன்று இருந்தது. உள்ளே இறக்குமதி பிஸ்கட் டப்பாக்களும் பறவைக்கூட்டுப் பானமும் பளபளத்தன. சபாபதி அதைப் பார்ப்பதைப் பார்த்ததும் அவரே விளக்கினார்.

"சப்ளையர் அனுப்பினது. இது டிப்ஸ் இல்ல சார், ரிலேஷன்ஷிப்."

"நான் கொடுத்ததும் அந்த மாதிரிதான் சார்."

"எப்படி சார்? டிப்ஸ்னா யாராவது எதையாவது தூக்கியிருக்கணும். நான் எதையும் தூக்கலையே."

சபாபதி பேச்சை மாற்றினார்.

"அந்தத் தம்பி கேக்கவே இல்ல சார். நானாத்தான் கொடுத்தேன்."

"அதுதான் ஆபத்து" என்றார் ஹேமநாதன் கனிவாக. "கேட்டு வாங்குற ஆளை நாங்க கண்டுபிடிச்சிருவோம். கேக்காமலே கொடுக்கற அளவுக்கு நல்லா நடந்துக்கற ஆளை எப்படிக் கண்டுபிடிக்கறது? எங்க நிறுவனத்துல ஒரு தத்துவம் இருக்கு சார். தொழிலாளி மனநிறைவுக்காக உழைக்கணும். காசு கூடக்கூட மனநிறைவு குறையும், இது ஆராய்ச்சில சொல்லியிருக்காங்க. அதனாலதான் சம்பளத்தையே நாங்க ரொம்பக் கவனமா, கொஞ்சமாத்தான் கொடுக்கறோம். அவங்க மனநிறைவைக் காப்பாத்தறது எங்க பொறுப்பு. நீங்க ஒரே நாள்ல இருபது வெள்ளியைக் கொடுத்துக் கெடுத்துட்டீங்க."

"அப்ப உங்க மனநிறைவு சார்?"

"அதை வருஷக் கடைசில பாலித் தீவுல வச்சுப் பார்த்துக்கறோம்."

சபாபதி ரசீதை எடுத்து நீட்டினார். "நான் மாடிக்குன்னு தனியா கட்டியிருக்கேன். அந்தக் காசாவது அவருக்குப் போகுதா?"

"அது மாடிக் கட்டணம் சார். மாடிக்குத்தான்."

"மாடி எங்க பிளாட்டுதுங்களே."

"அதனாலதான் உங்க சார்பா நாங்களே பத்திரமா வச்சிருக்கோம்" என்ற ஹேமநாதன், கணினியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். "இன்னொரு விஷயம். படியில உட்கார்ந்திருந்தாங்கன்னு சொன்னீங்க. எங்க சிஸ்டத்துல சாப்பாட்டு நேரம் இருக்கு, தொழுகை நேரம் இருக்கு, டாய்லெட் நேரம்கூட இருக்கு. கிரக நேரம் இல்ல. அந்த நேரம் கம்பெனியோடது. கம்பெனியோட நேரத்தை நீங்க இருபது வெள்ளிக்கு வாங்கிட்டீங்க."

"சரி, இது ஒரு உதவின்னு வச்சுக்குவோம். கஷ்டப்படறவருக்கு உதவி."

"எங்க ஊழியர் கஷ்டப்படறார்னு எழுதிக் கொடுக்கப் போறீங்களா?" ஹேமநாதன் முகத்தில் முதல்முறையாக வருத்தம் தெரிந்தது. "அது நிறுவனத்தோட பேரைக் கெடுக்கற விஷயம். வக்கீலுக்குப் போயிடும்."

"அப்ப சொந்தக்காரருக்குக் கொடுத்ததுன்னு..."

"சொந்தக்காரர் வீட்டுக்கு டெலிவரி பண்றது அதைவிடப் பெரிய குத்தம்."

சபாபதி ரசீதை மடித்துப் பையில் வைத்தார். அவர் ஒவ்வொரு முறை வாயைத் திறந்தபோதும் திருச்செல்வத்தின் மேல் ஒரு குற்றம் ஏறிக்கொண்டிருந்தது அவருக்கே புரிந்தது. ஹேமநாதன் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். பிறகு, நெருங்கிய நண்பரிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"ஒரு வழி இருக்கு சார். உங்க வீட்ல அலமாரி இருக்கு, ஆனா நேர்மையா வந்து சேரல. அந்த டெலிவரியை ரத்து பண்ணிட்டு, எங்க கிளீன் டீமை வச்சு மறுபடியும் டெலிவரி பண்ணுவோம். டிப்ஸ் இல்லாமலே அவங்க அதே வேலையைச் செஞ்சு முடிச்சிட்டா, நீங்க கொடுத்த காசால ஒரு மாற்றமும் இல்லன்னு நிரூபணமாயிடும். திருச்செல்வம் குத்தமில்லாதவரா வெளிய வந்துருவாரு."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சபாபதி இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஹேமநாதன் உடனே கையை விரித்துக் காட்டி, உள்ளே ஒன்றும் இல்லை என்பதை அறைக் கேமராவுக்குத் தெரியப்படுத்தினார்.

கிளீன் டீம் அடுத்த வாரம் வந்தது. நான்கு பேர், வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள். வாசுகி கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டே பின்னால் வந்தாள். நேரில் பார்க்கச் சின்னப் பெண்ணாக இருந்தாள். வாசலிலேயே தனலெட்சுமியிடம் நிபந்தனைகளைச் சொன்னாள்.

"ஆன்ட்டி, தண்ணி கொடுக்கக்கூடாது. காத்தாடி போடக்கூடாது. அவங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது."

"சிரிச்சா என்னம்மா?"

"எங்க கூலியே அதுதானே ஆன்ட்டி. முன்பணம் கொடுத்தமாதிரி ஆயிடும்."

தனலெட்சுமி புடவைகளைக் கட்டிலில் அள்ளிக் குவித்துவிட்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சமையலறையில் போய் நின்றாள். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் நிற்பது அவளுக்கு அதுதான் முதல்முறை. கையை என்ன செய்வதென்று தெரியாமல், கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள்.

அலமாரி கீழே இறங்க அதிக நேரம் ஆகவில்லை. இறங்குவது எப்போதும் சுலபம்தான். கீழ்த்தளத்தில் அதை வைத்துவிட்டு நால்வரும் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் குந்தினார்கள். முதல் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு நான்காவது மாடியைப் பார்த்தார்கள். நான்காவது மாடியிலிருந்து ஒரு குவளைச் சத்தம்கூட வரவில்லை.

"அலமாக், வெயிலு" என்றார் ஒருவர்.

"என்ன பாஸ், தூக்கலையா?" என்று சபாபதி கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"ரூல் என்ன சொல்லுது தெரியுமா அங்கிள்? கட்டடம் வரைக்கும் கொண்டாந்தா டெலிவரி முடிஞ்சிருச்சு. மாடி ஏத்தறது எங்க இஷ்டம்" என்றார் குழுத் தலைவர். "சும்மா சொல்லக்கூடாது, உங்க வீட்டம்மா ஒரு வாய்த் தண்ணி கொடுத்திருந்தாக்கூட ஏத்தியிருப்போம். பரவால்ல. நாங்க கிளீன் டீம். கேக்கமாட்டோம்."

கேட்காமலேயே லாரியில் ஏறிப் போய்விட்டார்கள்.

மறுநாளே முடிவு வந்தது. டிப்ஸ் கொடுத்தபோது அலமாரி மேலே ஏறியிருக்கிறது, கொடுக்காதபோது ஏறவில்லை. ஆகவே டிப்ஸால்தான் அலமாரி ஏறியது என்பது அறிவியல் முறைப்படி நிரூபணமானது. திருச்செல்வம் குற்றவாளி. அலமாரியைப் பொறுத்தவரை, அது கட்டடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டபடியால் மறு டெலிவரி வெற்றி. அதற்கான மாடிக் கட்டணத்தை மட்டும் சபாபதி மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. இந்த முறையும் அது மாடிக்குத்தான்.

திருச்செல்வம் மேல்முறையீடு செய்தார். செய்யலாம் என்றார்கள். ஆனால் அலமாரி வாடிக்கையாளரின் வீட்டுக்குள் போய்ச் சேராதவரை மேல்முறையீட்டை விசாரிக்க முடியாது என்றும் சொன்னார்கள். வாடிக்கையாளர் கணக்கில் சேர்ந்துவிட்ட அலமாரி, ஊழியர் கணக்கில் இன்னும் சேரவில்லை. இதில் முரண்பாடு எதுவும் இல்லை, இரண்டு கணக்கும் வேறு வேறு மாடியில் இருக்கின்றன என்று வாசுகி தொலைபேசியில் விளக்கினாள்.

அலமாரி கீழ்த்தளத்தில் கிடந்தது. மழைச் சாரல் அடித்தது. யாரோ அதன் மேல் தலைக்கவசத்தை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் அதன் கண்ணாடியில் குளுவாங்கில் லைசென்ஸ் எடுத்த வட்டிக்காரர் ஒருவரின் விளம்பரம் ஒட்டப்பட்டிருந்தது. பிளாட் நிர்வாகம் அலமாரியை அப்புறப்படுத்தச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பியது.

சனிக்கிழமை காலை ஹேமநாதன் அழைத்தார். சபாபதி அப்போது வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நல்ல செய்தி. உங்க ஃபைலை மூடிட்டோம்."

"அந்தத் தம்பிக்கு வேலை..."

"அவரோட மேல்முறையீட்டை நேத்தே தள்ளுபடி பண்ணியாச்சு. விசாரிக்க முடியாத மேல்முறையீட்டை எத்தனை நாளைக்கு வச்சிருக்கறது? பாவம், அவருக்கும் மன உளைச்சல். அவர் இடத்தை ஏஜென்ட் மூலமா நிரப்பிட்டோம்."

"அவருக்குச் சொல்லிட்டீங்களா?"

"எங்களுக்கு எப்பவும் கஸ்டமர்தான் முதல்ல சார். உங்களுக்குச் சொன்னதுக்கப்புறம்தான் அவருக்கு. தபால்ல போகும்." என்றவர் உற்சாகமாகத் தொடர்ந்தார். "உங்களால ஒரு நல்லதும் நடந்திருக்கு. கஸ்டமருக்கு நன்றி சொல்ற ஆசை இருக்குங்கறது தெரிஞ்சு, இனிமே எல்லா ரசீதுலயும் நன்றிக் கட்டணம்னு ஒண்ணு சேர்க்கறோம். எங்க பிரிவுக்கே வரும். அதை வச்சு டிப்ஸ் ஒழிப்பு மாநாடு நடத்தப்போறோம். உங்களைக் கூப்பிடுவேன், கட்டாயம் வரணும்."

சபாபதி தொலைபேசியை வைத்தார். காலணிகளைக் கால் மாற்றி மாட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. கழற்றிக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டில் சத்தம் கேட்டது. பலகை சுவரில் உரசும் சத்தம். பிறகு பழக்கமான ஒரு குரல்.

"சாய்ச்சுப் பிடி மச்சான். இல்ல, உன் பக்கம்."

எட்டிப் பார்த்தார். இரண்டாவது மாடி வளைவில் திருச்செல்வம் அலமாரியைத் தோளில் வாங்கி ஏறிக்கொண்டிருந்தார். கீழ்ப்பக்கத்தை அவருடைய மைத்துனர் சுகுமாறன் தாங்கிக்கொண்டு வந்தார். திருச்செல்வத்துக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னதற்காகப் பைரோஸை மூவார் கிடங்குக்கு மாற்றிவிட்டிருந்தார்கள்.

"நீங்க ஏன்ப்பா..." என்று சபாபதி ஓடினார்.

"இது உள்ள போனாத்தான்ணே என் கேஸை எடுப்பாங்க" என்றார் திருச்செல்வம் மூச்சு வாங்க. "நீங்க பிடிக்காதீங்க. கஸ்டமர் கை வச்சா அதுக்கும் ஏதாவது சொல்லுவாங்க."

தனலெட்சுமி கதவை விரியத் திறந்தாள். இந்த முறை அவள் நாள்காட்டிப் பக்கம் போகவில்லை. அலமாரி உள்ளே வந்து பழைய இடத்தில் நின்றது. ஒரு கதவு ஊதிப்போய்ச் சரியாக மூடவில்லை. திருச்செல்வம் அதைத் தட்டித் தட்டிப் பொருத்தினார். பிறகு கைப்பேசியில் அலமாரியை மூன்று பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொண்டார். இன்டெக்ரிட்டி பிரிவுக்கு அனுப்ப.

"கை கழுவிட்டு வாங்க ரெண்டு பேரும்" என்றாள் தனலெட்சுமி. "சாப்பாடு எடுத்து வச்சிட்டேன். கோழி பிரட்டல் இருக்கு."

சுகுமாறன் ஓர் அடி எடுத்து வைத்தார். திருச்செல்வம் அவர் சட்டையைப் பிடித்தார்.

"வேணாம் அக்கா. தப்பா நினைக்காதீங்க. கேஸ் முடியற வரைக்கும் இந்த வீட்ல பச்சத் தண்ணி குடிச்சாலும் பதிவாயிடும். நாளைக்கு விசாரணையில கேட்டா, ஒண்ணும் வாங்கலன்னு நான் கண்ணைப் பார்த்துச் சொல்லணும்."

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் மரச்சட்டம் பதிந்த தடம் சிவந்து கிடந்தது. சபாபதியின் கை சட்டைப் பையில் இருந்தது; அதை வெளியே எடுக்கவும் தெரியவில்லை, உள்ளே வைத்திருக்கவும் தெரியவில்லை.

"அண்ணே, அங்கேருந்து ஏதாவது போன் வந்துச்சா?"

தனலெட்சுமி கணவனைப் பார்த்தாள். சற்று முன் அவர் தொலைபேசியில் பேசியதை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"இன்னும் வரலப்பா" என்றார் சபாபதி.

"வரும்ணே. இவ்வளவு தூரம் விசாரிக்கறாங்கன்னா சும்மா விட்டுட மாட்டாங்க. வந்தா உடனே எனக்கு ஒரு கால் அடிங்க."

இருவரும் இறங்கிப் போனார்கள். கீழே மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை சபாபதி வாசலிலேயே நின்றார். தனலெட்சுமி மேசையில் வைத்த இரண்டு தட்டையும் மூடினாள்.

"சொல்லியிருக்கலாம்ங்க" என்றாள். "சாப்பிட்டுட்டாவது போயிருப்பாரு."